வாளைக் கருவாட்டுச் சாட்சி

என் மூக்கு செத்துப்போய் ஐந்து வாரம் கழித்துத்தான் அது என் வீட்டுக்காரருக்கே தெரிந்தது. அதுவரை வீட்டிலும் வேலையிலும் அது உயிரோடு இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தேன். பொய் சொல்வது எனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று அதற்கு முன் தெரியாது.

எனக்குச் சம்பளமே மூக்குக்குத்தான். கார் இருக்கைகளுக்கு உறை தயாரிக்கும் கம்பெனியில் நான் தலைமை முகர்வாளர். அமலோற்பவம் என்ற முழுப்பெயர் அடையாள அட்டையில் அடங்கவில்லை என்று அங்கே அமலா ஆக்கிவிட்டார்கள். துணியோ ரெக்சினோ பஞ்சோ, எதுவானாலும் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, எண்பது டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன நடக்குமோ அதுதான் ஜாடிக்குள்ளும் நடக்கும். பிறகு மூடியைத் திறந்து ஐந்து பேர் முகர்ந்து மார்க் போட வேண்டும். ஒன்று என்றால் வாசனையே இல்லை, ஆறு என்றால் ஜாடியைப் போட்டுவிட்டு ஓடலாம். மூன்றைத் தாண்டினால் சரக்கு திரும்பிவிடும்.

இதற்கெல்லாம் மெஷின் இல்லையா என்று என் மாமியார் முதல் எல்லோரும் கேட்டாயிற்று. இருக்கிறது. நெடுஞ்சாலையில் கார் தானே ஓடுகிற காலம் இது. ஊருக்குள் வந்தால் மாடு குறுக்கே படுத்திருக்கும் என்பதற்காக மட்டும்தான் டிரைவர். ஆனாலும் சட்டம் கடைசி முடிவை மனித மூக்குக்கே விட்டிருந்தது. மெஷினுக்குக் குமட்டாது என்பது காரணமாக இருக்கலாம்.

வேலை நாளில் பூ வைக்கக் கூடாது. பவுடர், காபி, வெங்காயம் எதுவும் கூடாது. எனக்குக் கல்யாணம் ஆனதே சனி, ஞாயிறுகளில் மட்டும்தான் என்று என் வீட்டுக்காரர் லூர்து சொல்வார்.

லூர்து கால் டாக்ஸி ஓட்டுகிறார். கார் வாங்கி இரண்டு வருடமாகியும் இருக்கைகளின் மேல் கார் கம்பெனி போட்டுக்கொடுத்த பாலிதீனைக் கிழிக்கவில்லை. கிழித்தால் கார் பழசாகிவிடும் என்பது அவர் கட்சி. அந்தப் பாலிதீனுக்கு மேலேயே ஒரு ரெக்சின் உறையையும் மாட்டி வைத்திருந்தார். மத்தியான வெயிலில் நின்ற அந்தக் காரில் ஏறினால் எனக்குக் கண் எரியும்.

"அது வெறும் நாத்தம் இல்லைங்க," என்று சொல்லிப் பார்த்தேன். "பிளாஸ்டிக் இளக்கமா இருக்கச் சேக்குற மருந்து, பசை, தீப்பிடிக்காம இருக்கப் பூசுறது, எல்லாம் சூட்டுல ஆவியாகி உங்க நெஞ்சுக்குள்ள போகுது. உங்க தலைவலிக்கு அதுதான் காரணம்."

"புது வண்டி வாசனைடி அது. கஸ்டமரு ஏறினதும் ஒரு இழு இழுத்து, வண்டி எடுத்து எத்தனை நாளாச்சுன்னு கேக்குறான். அதைப் போய்க் கெடுக்கச் சொல்ற."

இந்த வழக்கு எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக நடந்தது. அப்போதுதான் 'மௌனம்' வந்தது.

மௌனம் எங்கள் கம்பெனியின் புதிய உறை. சாம்பல் நிறம், நெருக்கமான நெசவு. முதல் ஜாடியைத் திறந்தபோது உள்ளிருந்து ஒன்றுமே வரவில்லை. ஐந்து மூக்கும் ஒரே மாதிரி ஒன்று என்று மார்க் போட்டன. இருபது வருட அனுபவத்தில் நான் ஒன்று போட்டதே கிடையாது. அடுத்த ஜாடியில் இருந்தது தரை விரிப்பு ரப்பர். எப்போதும் நாலு வாங்கும் சனியன் அது. அன்றைக்கு அதற்கும் ஐந்து பேரும் ஒன்று போட்டோம். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கம்பெனியில் லட்டு கொடுத்தார்கள். நெய் வாசனையே இல்லை, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று நான் குறை வேறு சொன்னேன்.

ஊழியர்களுக்கு ஆளுக்கொரு மௌனம் செட் இலவசமாகக் கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, லூர்துவின் காரிலிருந்த ரெக்சினைக் கழற்றி, பாலிதீனை என் கையாலேயே கிழித்து, புது உறையை மாட்டினேன். கல்யாணமாகி நான் அவரை ஜெயித்த ஒரே விவாதம் அது. அதில் தோற்றுத் தொலைத்திருக்கலாம்.

மற்ற நான்கு முகர்வாளர்களும் மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். நிரந்தரம் நான் ஒருத்திதான். ஆறு மாதம் தினமும் மௌனத்தை முகர்ந்தேன். ஒரு நாள் காலையில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கறுத்துப்போனது. நான் இரண்டடி தள்ளி நின்று தலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவே இல்லை.

டாக்டரிடம் போனால் கம்பெனிப் பதிவேட்டில் ஏறிவிடும் என்று போகவில்லை. சோதனை அறையில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து மார்க் போட ஆரம்பித்தேன். புருவம் தூக்கினால் மூன்று, உதட்டைச் சுழித்தால் நாலு. வீட்டில் லூர்துவின் மூக்கை இரவல் வாங்கிக்கொண்டேன்.

"என்னங்க, குழம்பு எப்படி வந்திருக்கு?"

"மணம் தெருமுனை வரைக்கும் வந்துச்சு."

இப்படியே ஐந்து வாரம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லூர்து காபி போடப் போனார். கையில் லைட்டர். நான் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கீழ்வீட்டு சுல்தானா அக்கா கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்.

"அமலா, அடுப்பைப் பத்த வெச்சுடாதீங்க. கேஸு. படிக்கட்டு பூரா அடிக்குதுடி."

லூர்துவின் கட்டைவிரல் லைட்டர் மேல் இருந்தது. அக்கா நேராக உள்ளே வந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சிலிண்டரை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. எங்கள் இருவரையும் படிக்கட்டில் உட்காரவைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டு பேரும் உள்ளதானே இருந்தீங்க? மூக்கை எங்க கழட்டி வெச்சீங்க?"

லூர்துவைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்தார்.

"மூணு மாசமாச்சு," என்றார்.

"என்ன மூணு மாசம்?"

"வாசனை தெரியாம."

"அப்ப தினம் குழம்பு மணக்குதுன்னீங்களே?"

"நீ கேட்ட, சொன்னேன். மூக்குக்கே பேர் போனவ நீ. உன் புருஷனுக்கு மூக்கு இல்லைன்னு வெளிய தெரிஞ்சா உனக்கு அசிங்கமா இருக்காதா?" சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "ஆமா, உனக்குத்தான் ஊரு மூக்கு இருக்கே. நீ எதுக்கு என்னைக் கேட்ட?"

நான் என் மூக்கைத் தொட்டுக்காட்டிக் கையை விரித்தேன். முதலில் அவர் சிரித்தார், பிறகு நான் சிரித்தேன், பிறகு நான் அழுதேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்த மாடியில் இரண்டு பேரும் கரியாகியிருப்போம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவலிக்காக இரண்டு முறை மூக்குக்கண்ணாடியை மாற்றியதையும் லூர்து அன்றைக்குத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை நேராக எங்கள் வேதியியலாளர் கதிரேசனிடம் போனேன். மௌனம் அவர் கைப்பட்ட சரக்கு.

"சார், மௌனத்துக்கு வாசனை இல்லையா, இல்ல எங்களுக்கு மூக்கு இல்லையா?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வாசனையை எடுக்கணும்னா பசையை மாத்தணும், பஞ்சை மாத்தணும், மிஷினையே மாத்தணும். முடியாதுன்னுட்டாங்க. அதனால ஒண்ணு சேர்த்தேன். அது மூக்குக்குள்ள போய் உக்காந்துக்கும். சாவித் துவாரத்துல மெழுகை அடைச்ச மாதிரி. வாசனை வரும், பூட்டு திறக்காது."

"அப்ப அந்த ஆவியெல்லாம்?"

"அது பாட்டுக்கு உள்ள போகும். தலை வலிக்கும், கண்ணு எரியும். எதனாலன்னு மட்டும் தெரியாது."

"மெஷின் காட்டலையா?"

"எல்லைக்குள்ளதான் காட்டுச்சு. எல்லை போட்டவங்க ஒரு மணி நேரம் கார்ல போறவங்களை நினைச்சுப் போட்டிருக்காங்க."

"மெழுகு எப்ப கரையும்?"

"ஒரு மணி நேரத்துல. எலியை வெச்சுப் பார்த்தோம்."

"எலி டாக்ஸி ஓட்டல சார்," என்றேன்.

கதிரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வியாழக்கிழமை அரசாங்கப் பரிசோதகர் வருகிறார், அவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் முதல் பள்ளி வேன் இருக்கைகளுக்கெல்லாம் மௌனம்தான், ஆர்டர் தயாராக இருக்கிறது என்றார். வேனில் மூடிய கண்ணாடிக்குள் வருஷக்கணக்காகப் போய் வரப்போகிற பிள்ளைகளை நினைத்தேன். வகுப்பில் தலைவலி என்று சொன்னால் படிக்காமல் இருக்கச் சாக்கு என்பார்கள்.

முதலாளி சிவஞானம் சாரைப் பார்த்தேன். மரியாதையானவர். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு வாசனை தெரியலையாம்மா?"

"தெரியல சார்."

"அப்ப மௌனத்துல வாசனை இல்லைன்னு நீங்க போட்ட மார்க்கும் செல்லாது, இருக்குன்னு இப்ப சொல்றதும் செல்லாது. செல்லாத மூக்கை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? உங்க ஜாடிக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே, என் கார்ல ஒரு வருஷமா மௌனம்தான் போட்டிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு சொல்லுங்க. சரி, உங்க விஷயத்தை வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்."

வெள்ளிக்கிழமை பேசுவது என்றால் எங்கள் கம்பெனியில் சீட்டுக் கிழிவது என்று அர்த்தம். நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து சென்ட் பாட்டிலை எடுத்து, கழுத்தில் நாலு தரம், சட்டையில் நாலு தரம் அடித்துக்கொண்டார். அது போதாதென்று தோன்றியதோ என்னவோ, இன்னும் இரண்டு தரம் அடித்தார். வாசலில் நின்ற உதவியாளர் தொடர்ந்து மூன்று முறை தும்மினார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சாயங்காலம் லூர்துவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"நமக்கு வாசனை தெரியலைன்னு நாம சொன்னாத்தான் செல்லாது. அவருக்குத் தெரியலைங்கிறதை ஊரே நின்னு பார்த்துச்சுன்னா?"

அன்றைக்கே சந்தைக்குப் போய் வாளைக் கருவாடு வாங்கி வந்தார். நல்ல நாற்றம்தானா என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. சுல்தானா அக்காவைக் கூப்பிட்டோம். விஷயத்தைச் சொன்னதும் அக்கா முந்தானையை இறுக்கிக்கொண்டு முகர்ந்து பார்த்தார்.

"இது குழம்புக்குத்தான் ஆகும். வேலைக்கு ஆகாது. மாடில வெயில்ல போட்டு அப்பப்பத் தண்ணி தெளி."

செவ்வாய் முழுக்கத் தெளித்தோம். புதன்கிழமை விடிந்ததும் கீழிருந்து குரல் வந்தது. "போதும்டி. எங்க வூட்டுக்காரரு நாஷ்டாவைத் தள்ளிட்டு எழுந்திருச்சிட்டாரு."

முதலாளியின் கார் புதன்தோறும் உறையைச் சோதிக்க எங்கள் சோதனைக் கூடத்துக்கு வரும். பின்னிருக்கைக்கு அடியில், ஓட்டை போட்ட டப்பாவுக்குள் நாலு வாளைகளைப் படுக்கவைத்தேன். அவர் முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். சிலுவை போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் டப்பாவை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பரிசோதகரை அழைத்துவர முதலாளி அதே காரில் தானே சென்னைக்குப் போனார். அவருடைய டிரைவருக்கும் ஒரு வருஷமாக அதே காற்றுதான். நாங்கள் எல்லோரும் வாசலில் மாலையோடு நின்றோம். பதினொரு மணிக்குக் கார் உள்ளே நுழைந்தது. கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி சல்யூட் அடிக்கத் தூக்கிய கையை அப்படியே மூக்குக்குக் கொண்டுபோனார். மாலை வைத்திருந்த பெண் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கேன்டீன் பக்கமிருந்து பூனைகள் வந்தன. ஆறு பூனைகள், எந்த அவசரமும் இல்லாமல் வந்து காரைச் சுற்றி உட்கார்ந்தன.

சிவஞானம் சார் சிரித்த முகத்தோடு இறங்கினார். அடுத்த பக்கத்திலிருந்து பரிசோதகர் யமுனாவதி இறங்கினார். ஐம்பது வயது, பருத்திப் புடவை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஓடுவார், குமட்டுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாதாரணமாக நின்றார். நாலு வாளையும் வீண், வெள்ளிக்கிழமை என் சீட்டுக் கிழிந்தது என்று முடிவுகட்டிவிட்டேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். காவலாளியின் கையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பூனைகளை நிதானமாக எண்ணினார்.

"சிவஞானம் சார், உங்க வண்டியில என்ன வாசனை வருது?"

"ஒண்ணும் வராது மேடம். அதுதான் மௌனம்."

"நான் ஏறும்போது உள்ள எதுவோ செத்துக் கிடக்குதுன்னு நினைச்சேன். இன்னிக்குத்தான் உங்களை முதல் தடவை பார்க்கிறேன், வாயைத் திறந்து எப்படிச் சொல்றதுன்னு பேசாம வந்தேன். பூந்தமல்லி தாண்டும்போது பார்த்தா நாத்தத்தைக் காணோம். வெளியேதான் போயிருக்கும்னு நினைச்சேன்." அவர் பூனைகளைக் காட்டினார். "இதுங்களைப் பார்த்தா போகலைன்னு தெரியுது. நாத்தம் வண்டியிலதான் இருக்கு. போனது என் மூக்குதான்."

அவரே குனிந்து, இருக்கைக்கு அடியில் கைவிட்டு டப்பாவை எடுத்துத் திறந்தார். கூட்டம் பத்தடி பின்வாங்கியது. பின்வாங்காமல் நின்றவர்கள் நாங்கள் நாலு பேர்தான்: முதலாளி, அவருடைய டிரைவர், பரிசோதகர், நான்.

சிவஞானம் சார் ஒரு வாளையை வால் பக்கம் பிடித்துத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"இதுல வாசனை வருதா?" என்று என்னைக் கேட்டார், மெதுவாக.

"எனக்கும் தெரியாது சார். பூனைக்குத் தெரியுது."

"சாம்பார்ல ருசியே இல்லைன்னு இந்த வருஷம் மூணு சமையல்காரங்களை நிறுத்திட்டேன்," என்றார். அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

யமுனாவதி கையெழுத்துப் போடவில்லை. பள்ளி வேன் ஆர்டர் ரத்தானது. விற்ற உறைகளெல்லாம் திரும்பி வந்து, வேனுக்காக நெய்த சுருள்களோடு கிடங்கில் அடைந்தன. வெள்ளிக்கிழமை யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை. நானாகத்தான் நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்தேன். மூக்கு இல்லாமல் அங்கே என்ன வேலை?

லூர்துவின் காரில் இப்போது வெறும் இருக்கை, திறந்த கண்ணாடி. டாக்டர் நாலு பாட்டில் கொடுத்தார். எலுமிச்சை, கிராம்பு, தைலம், ரோஜா. காலையும் மாலையும் அதை முகர்ந்து, அந்த வாசனையை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். வரலாம், வராமலும் போகலாம் என்றார். நானும் லூர்துவும் எதிரெதிரே உட்கார்ந்து ஜெபமாலை மாதிரி பாட்டிலைக் கைமாற்றிக்கொண்டோம். ஐந்து மாதம் வரை நாலு பாட்டிலும் எங்களுக்குத் தண்ணீர் மாதிரிதான்.

ஆறாவது மாதம் ஒரு மத்தியானம் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மூக்குக்குள் எதுவோ குத்தியது. நின்றேன். மறுபடியும் இழுத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர்க் கால்வாய். அழுகின முட்டை, சோப்பு, செத்த எலி, எல்லாம் தனித்தனியாக வந்தது. ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"என்னங்க, சாக்கடை நாறுது."

லூர்து சோற்றுத் தட்டிலிருந்து எழுந்துவந்து பால்கனியில் நின்று இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"எனக்கு இன்னும் வரலை. எப்படிடி இருக்கு?"

"சகிக்கலைங்க," என்று சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வழிந்தது.

"கொடுத்து வெச்சவ," என்றார் அவர்.

ஒரு வாரம் நாங்கள் அந்தச் சாக்கடையைக் கொண்டாடினோம். எட்டாம் நாள் காலை கால்வாய் ஓரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. பதினொரு வருஷமாகத் தெருவே மனு கொடுத்த கால்வாய் அது. தூர்வாரத்தான் வந்திருக்கிறார்கள் என்று சுல்தானா அக்கா சந்தோஷமாக இறங்கிப்போனார். ஆட்கள் லாரியிலிருந்து பெரிய பெரிய சுருள்களை இறக்கி, கால்வாய் நெடுக வேலிக் கம்பியில் திரை மாதிரி கட்டினார்கள்.

மேலிருந்தே மேஸ்திரியைக் கேட்டேன். "தூர்வாரலையாங்க?"

"அது வேற டிபார்ட்மெண்டும்மா. எங்க வேலை நாத்தத்தைப் போக்குறது. நிரந்தரத் தீர்வு."

சுருளில் கம்பெனிப் பெயரைக் கிழித்துவிட்டிருந்தார்கள். சாம்பல் நிறம், நெருக்கமான நெசவு. ஆறு மாதம் தினமும் முகத்துக்கு நேரே பார்த்த துணியை எனக்கு அடையாளம் தெரியாதா?

மறுநாளும் வெயில் நன்றாக அடித்தது. சாயங்காலம் சுல்தானா அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அமலா, அல்லா கண்ணைத் திறந்துட்டாரு. நாத்தம் போயே போச்சுடி. சுத்தமா இல்லை."

மாடியில் எனக்கு இன்னும் லேசாக நாறிக்கொண்டுதான் இருந்தது. நான் ஈரத் துண்டை மடித்து மூக்கில் கட்டிக்கொண்டு, ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். லூர்து என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த சந்தைப் பையை எடுத்தார்.

"வாளை போதுமா?"

"முழுத் தெரு. சுறா வாங்குங்க."

வாசல் வரை போனவர் நின்றார். "போன தடவை அக்கா மோந்து சொன்னாங்க. இந்தத் தடவை போதுமான்னு யாரு சொல்றது?"

"நான் இருக்கேன்," என்றேன். "ஆனா சீக்கிரம் வந்துடுங்க."